ஒரு படி என்பது எத்தனை கிலோ?

புனித ரமளானின் பிற்பகுதியில் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகைகளில் ஓர் எண் எழுதப்படுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். 'ஃபித்ரா: நபர் ஒருவருக்குக் கோதுமை 1 கிலோ 633 கிராம் அல்லது அதன் கிரயம்' என்று இருக்கும். சில ஊர்களில் இந்த எண் சற்றுக் குறைந்தும், ஷாஃபி மத்ஹபினர் வாழும் கரையோர ஊர்களில் இரண்டரைக் கிலோவை ஒட்டியும் காணப்படும். இராஜபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் நடுவிலுள்ள வன்னியம்பட்டியில் குடியிருந்து, மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருபவன் நான். ஓராண்டு, ஃபித்ரா மஸ்அலாவை விளக்கிக்கொண்டிருந்தபோது, மளிகைக்கடைக்காரர் ஒருவருடைய மகன் எழுந்து நின்றான். "ஹஜ்ரத், அந்த 633இல் கடைசி மூன்று கிராம் எதுக்கு? எங்க அத்தா கடையில மூணு கிராமுக்குக் கல்லே கிடையாதே!" என்றான்.

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அது சிரிப்புக்குரிய வினாவாகப் படவில்லை. கல்லூரியில் வரலாறு பயின்றவன் ஆதலால், எண்ணொன்றைக் கண்டால் அது எங்கிருந்து வந்தது என்று தேடும் பழக்கம் எனக்குண்டு. இந்த எண் வந்த வழியைச் சொல்லுகிறேன்.

வட இந்தியாவில் ஆங்கிலேயர் காலத்தில் வழங்கிய சேர் என்னும் எடை 80 தோலா கொண்டது. (நம் சென்னை மாகாணத்துச் சேர் 24 தோலாதான், ஐந்து சேர் கொண்ட நம் வீசைக்கு 120 தோலா. பெயர் ஒன்று, பொருள் வேறு.) ஹனஃபி மத்ஹபின்படி கோதுமையில் கொடுக்கவேண்டிய அரை ஸாஉ என்பதை, வட நாட்டு உலமாக்கள் பொதுமக்களின் வசதி கருதி 'ஒன்றேமுக்கால் சேர்' என்று சொல்லி வந்தார்கள். அதாவது 140 தோலா. பின்னர் கிலோ வந்தது. ஒரு தோலாவுக்கு 11.664 கிராம். 140ஐ அதனால் பெருக்கிப் பாருங்கள்: 1632.96 கிராம் வரும். அதுவே 1 கிலோ 633 கிராம். ஒன்றேமுக்கால் சேர் என்பது கைக்கு அடக்கமான ஒரு முழுக்கணக்கு. அதைக் கிராமுக்கு மாற்றியபோது கடைசி மூன்று கிராமும் கூடவே ஒட்டிக்கொண்டது. வேறு உலமாக்கள் மித்ஸ்காலைக் கொண்டு கணித்து அரை ஸாஉ 135 தோலா என்றார்கள். அதன்படி 1 கிலோ 575 கிராம் ஆகும். இரண்டுக்கும் இடையே 58 கிராம். இந்த 58 கிராமுக்காக ஒரே தெருவில் உள்ள இரண்டு ஜமாஅத்தார் முகம் திருப்பிக்கொண்டதையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் வாசகர்களே, அடிப்படையான செய்தி வேறொன்று. ஸாஉ என்பது எடையே அன்று. அது ஒரு பாத்திரம். நம் படியைப் போல, மரக்காலைப் போல, தானியத்தை மொண்டு அளக்கும் முகத்தலளவை. நான்கு 'முத்' கொண்டது ஒரு ஸாஉ. பேரீச்சையிலோ வாற்கோதுமையிலோ ஒரு ஸாஉ கொடுக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடமையாக்கினார்கள் என்பதை இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. மக்கா வாணிகர்களின் ஊர். அங்கே பொன்னும் வெள்ளியும் தராசில் நிறுக்கப்பட்டன. மதீனா தோட்டக்காரர்களின் ஊர். அங்கே பேரீச்சையும் தானியமும் பாத்திரத்தால் அளக்கப்பட்டன. நிறுப்பதற்கு மக்காவாசிகளின் நிறையையும், அளப்பதற்கு மதீனாவாசிகளின் அளவையையும் கொள்ளவேண்டும் என்னும் கருத்தில் அபூதாவூதிலும் நஸாயீயிலும் ஒரு ஹதீஸ் உண்டு. இரண்டும் இருவேறு துறைகள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

பாத்திரம் கைக்குக் கிடைக்காத தூர நாட்டார் என்ன செய்வது? அங்கேதான் எடைக் கணக்கு நுழைந்தது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் தலைமாணவரும், ஹிஜ்ரி 182இல் (கி.பி. 798) மறைந்தவருமான இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள், கூஃபாவின் வழக்கப்படி ஸாஉக்கு எட்டு ராத்தல் என்றே கருதி வந்தார்கள். அவர்கள் மதீனாவுக்குச் சென்றபோது, முஹாஜிர், அன்ஸாரித் தோழர்களின் வழித்தோன்றல்களான முதியவர்கள் தத்தம் வீட்டு ஸாஉகளை மேலாடைக்குள் வைத்துக்கொண்டு வந்து காட்டினார்களாம். அளந்து நிறுத்துப் பார்த்ததில் ஐந்தேமூன்றிலொரு ராத்தல் வந்தது. அதன்பின் அவர்கள் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்கள் என்று பைஹகீ அறிவிக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு எட்டு ராத்தலிலேயே நின்றுவிட்டது. அதற்கான ஆதாரங்கள் கிதாபுகளில் விரிவாக உள்ளன. எந்த மத்ஹபின் சட்டத்தையும் அசைத்துப் பார்க்க நான் இதை எழுதவில்லை. என்னைக் கவர்ந்தது அந்தக் காட்சிதான். ஏட்டை எடுத்துவரவில்லை, எண்ணைச் சொல்லவில்லை. வீட்டிலிருந்து பாத்திரத்தை எடுத்து வந்தார்கள்!

மொராக்கோ நாட்டில் 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட மரீனிய சுல்தான் அபுல் ஹஸனின் பெயரால் பித்தளை முத்கள் செய்யப்பட்டன. ஹதீஸுக்கு அறிவிப்பாளர் வரிசை இருப்பதுபோல, இந்தப் பாத்திரம் இன்னாருடைய முத்தைக் கொண்டு அளவிடப்பட்டது, அது இன்னாருடைய முத்தைக் கொண்டு அளவிடப்பட்டது என்று நபித்தோழர் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள்வரை செல்லும் ஸனது அதன்மேல் பொறிக்கப்பட்டது. ஒரு சமையற்கட்டுப் பாத்திரத்துக்கு ஸனது!

ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'ரவ்ளா' என்னும் நூலில் இந்தச் சிக்கலை நேராகவே எடுத்துப் பேசுகிறார்கள். ஸாஉக்கு ஒரே எடையைக் குறிப்பது இடர்ப்பாடானது. ஒரே பாத்திரத்தில் சோளத்தைப் போட்டால் ஓர் எடையும் கடலையைப் போட்டால் வேறோர் எடையும் வரும். ஆகவே பாத்திரமே அடிப்படை. அது கிடைக்காதவர், குறையவில்லை என்று உறுதிப்படும் அளவுக்குக் கொடுக்கவேண்டும். ராத்தல் கணக்கு தோராயமே — இதுதான் அவர்கள் சொல்வதன் சாரம். நடுத்தரமான கைகளையுடைய ஒருவர் இரு கைகளையும் சேர்த்து நான்கு முறை அள்ளினால் ஒரு ஸாஉ என்று சில உலமாக்கள் சொன்னதையும் அங்கே எடுத்துக்காட்டுகிறார்கள்.

ஹனஃபிகளின் 'துர்ருல் முக்தார்' இதே சிக்கலுக்கு வேறொரு வழியைக் கையாளுகிறது. 1040 திர்ஹம் எடையுள்ள மாஷ் அல்லது மைசூர்ப்பருப்பு எந்தப் பாத்திரத்தில் அடங்குமோ அதுவே ஸாஉ என்கிறது. மாஷ் என்பது நம் பயறு வகை. ஏன் பயறும் பருப்பும்? அவற்றின் மணிகள் ஒரே சீரானவை. எந்த ஊரில் விளைந்தாலும் அளவுக்கும் எடைக்கும் இடையே வேறுபாடு மிகக் குறைவு. கோதுமையோ வாற்கோதுமையோ அப்படியன்று. எடையைச் சொல்லும்போதும் அந்த மேதைகள் எந்தத் தானியத்தின் எடை என்பதைச் சொல்லாமல் விடவில்லை. நம் அறிவிப்புப் பலகையில்தான் அது தேய்ந்து மறைந்து எண் மட்டும் நிற்கிறது.

நம் தமிழ்நாட்டின் கதையும் இதே போன்றதுதான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி, அதாவது படி. எட்டுப் படி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஒரு படிக்கு எத்தனை மணி என்று நம் முன்னோர் வைத்திருந்த பழைய கணக்கு இன்னும் சுவையானது. அவரை 1,800, மிளகு 12,800, நெல் 14,400, பயறு 14,800, அரிசி 38,000, எள் 1,15,200. இதை யார் உட்கார்ந்து எண்ணினார்களோ, அல்லாஹ்வே அறிவான். ஆனால் பாத்திரம் ஒன்றாயினும் உள்ளே போகும் பண்டத்துக்குத் தக்கபடி கணக்கு மாறும் என்பதை அவர்கள் மனப்பாடமாகவே வைத்திருந்தார்கள்.

எல்லா ஊருக்கும் ஒரே படி இருந்ததா என்றால், இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலேயே, 'ஆடவல்லான்' என்னும் மரக்கால் இராசகேசரி மரக்காலுக்கு ஒத்தது என்று சொல்லவேண்டிய தேவை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஏற்பட்டிருக்கிறது. பட்டணத்துப் படி வேறு, கிராமத்துப் படி வேறு. சில இடங்களில் வாங்கும் படி வேறு, விற்கும் படி வேறு! அளந்து வாங்கும்போது நிறைவாகப் பெற்று, பிறருக்கு அளந்தோ நிறுத்தோ கொடுக்கும்போது குறைப்பவர்களை ஸூரத்துல் முதஃப்பிஃபீன் எச்சரிப்பதை நாம் அறிவோம். அளத்தல், நிறுத்தல் ஆகிய இரண்டையுமே அந்த வசனம் தனித்தனியாகக் குறிப்பிடுவதைப் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சுட்டிக்காட்டுவேன்.

1956ஆம் ஆண்டு எடை, அளவுத் தரச் சட்டம் வந்தது. 1958 அக்டோபரில் கிலோ எடைகள் புழக்கத்துக்கு வரத் தொடங்கி, 1962 ஏப்ரல் முதல் அவையே கட்டாயமாயின. வீசையும் பலமும் கடைகளைவிட்டு மறைந்தன. ஆனால் படியும் உழக்கும் மறையவில்லை. கடையைவிட்டு வெளியேறி நம் அடுப்படியில் குடிபுகுந்துவிட்டன. கடையில் கிலோவாக வாங்குகிறோம், வீட்டில் உழக்கால் அளந்து சமைக்கிறோம். இதனால் வரும் குழப்பம் தாய்மார்களுக்கு நன்கு தெரியும்.

சார்ஜாவில் இருக்கும் என் சகோதரியின் மகள் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, நன்னி எழுதி வைத்த நோட்டில் தம்ரூட்டுக்கு ஒரு உழக்கு ரவை, ஒரு உழக்கு சீனி என்று இருக்கிறது. என்னிடம் கிராம் காட்டும் தராசுதான் உண்டு. உழக்குக்கு 250 கிராம் என்று ஒருவர் சொன்னார். இரண்டையும் 250 போட்டேன், நன்னி செய்கிற பக்குவம் வரவில்லை" என்றாள். வராதுதான். ஓர் ஆழாக்கை 168 மில்லிலிட்டராகக் கொள்வது வழக்கம். அப்படியானால் உழக்குக்கு 336 மில்லிலிட்டர். அதில் ரவை ஏறத்தாழ 230 கிராம் கொள்ளும். சீனி 285 கிராம் கொள்ளும். அவள் ரவையைக் கூட்டியும் சீனியைக் குறைத்தும் விட்டாள். உழக்குக்கு இத்தனை கிராம் என்று பண்டத்தின் பெயரில்லாமல் யார் சொன்னாலும், தாய்மார்களே, அதை ஏற்காதீர்கள்.

அவளுக்குச் சொன்ன வழியை உங்களுக்கும் சொல்லுகிறேன். முதலில் உங்கள் வீட்டு உழக்கைத் தராசில் வைத்து வெறும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விளிம்புவரை தண்ணீர் ஊற்றி நிறுங்கள். கூடிய எடை எத்தனை கிராமோ, உங்கள் உழக்கு அத்தனை மில்லிலிட்டர். பாட்டியின் பித்தளை உழக்கும், சந்தையில் வாங்கிய அலுமினிய உழக்கும் ஒத்துப்போகாததை அப்போதே கண்டுகொள்வீர்கள். அடி உள்வாங்கி நெளிந்த பாத்திரமானால் இன்னும் குறையும். இதேபோல, படி என்ற பெயரில் பல இடங்களில் வழங்குவது ஒரு லிட்டர் டப்பாதான். பழைய படி ஏறத்தாழ 1 லிட்டர் 344 மில்லிலிட்டர். அதை நம்பி ஒரு படி வாங்கினால் ஓர் உழக்கு அங்கேயே காணாமற்போகும்.

பாத்திரத்தின் கொள்ளளவு தெரிந்தபின் பண்டத்தின் கணக்கு. ஒரு லிட்டருக்கு அரிசி 800 முதல் 850 கிராம் வரை வரும். அரிசிமணி தண்ணீரைவிடக் கனமானது. ஆனால் மணிகளுக்கிடையே காற்று இருக்கிறது. ஒரு படி அரிசியில் ஐந்தில் இரண்டு பங்கு இடம் காற்றுக்கே சொந்தம்! நெல்லுக்கு உமியும் சேர்வதால் லிட்டருக்கு 600 கிராமைத் தாண்டுவதே அரிது. துவரம்பருப்பும் பாசிப்பயறும் அரிசியை ஒட்டியே வரும். கோதுமை 770 அளவில். வாற்கோதுமை அதனினும் இலேசு. தூள் உப்பு 1,200 கிராம்வரை போகும். கொத்தமல்லி விதையோ 300க்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். மாவுதான் ஏமாற்றுக்காரப் பண்டம். சலித்து மெல்ல அள்ளினால் லிட்டருக்கு 500 கிராம். அதே மாவை அமுக்கி நிரப்பினால் 650ஐயும் எட்டும். ஆகவே மாவை மட்டுமாவது நிறுத்தே போடுங்கள். அரிசியிலும்கூடத் தலை தட்டி வழித்து அளப்பது வேறு, கூம்பாகக் குவித்து அளப்பது வேறு. பாத்திரத்தைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் இன்னும் ஒரு பிடி உள்ளே போகும்.

நோன்புக் கஞ்சிக்குத் தமிழ்நாடு அரசு பள்ளிவாசல்களுக்கு வழங்கும் பச்சரிசி கிலோ கணக்கில் வருகிறது. கஞ்சி காய்ச்சும் பண்டாரியோ அதைப் படியாக மாற்றித்தான் தண்ணீர் வைப்பார். ஒன்றுக்கு இத்தனை என்று தண்ணீரைச் சொல்வதற்கு அரிசியும் பாத்திரத்தாலேயே அளக்கப்படவேண்டும். அடுப்படியில் படி நிலைத்து நிற்பதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. அதைப் பழமை என்று தள்ளவேண்டியதில்லை. கடைத் தராசோடு அதை ஒப்பிட்டு வைத்துக்கொண்டால் போதும்.

மதரஸாவுக்குத் திரும்புவோம். அந்த மாணவனின் வினாவுக்குப் பின், ஒரு பெரிய தாம்பாளத்தில் அரிசியைக் கொட்டி, இரு கைகளையும் சேர்த்து நான்கு முறை அள்ளச் சொன்னேன். பெரிய பிள்ளைகள் ஏழு பேரும் நானும் அள்ளினோம். ஒல்லியான பையன் ஒருவனுக்கு 1 கிலோ 700 கிராம் வந்தது. உயரமான ஒருவனுக்கு 2 கிலோ 400ஐத் தாண்டியது. எனக்கு 2 கிலோ 200. எட்டுப் பேரில் எவருக்கும் கடைசி இலக்கம் 633 ஆக அமையவில்லை. "ஹஜ்ரத், அப்படீன்னா எதுதான் சரி?" என்றார்கள். நவவீ இமாமின் சொல்லைத்தான் மறுபடியும் வாசித்துக் காட்டினேன்: குறையவில்லை என்று உறுதிப்படும் அளவு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1 கிலோ 633 கிராம் என்பது கோதுமைக்கான கணக்கு. மதீனாவில் ஷாம் நாட்டுக் கோதுமை அருமையாக இருந்தபோது, அதன் இரண்டு முத் பேரீச்சையின் ஒரு ஸாஉக்கு ஈடாகும் என்று முஆவியா (ரலி) அவர்கள் மிம்பரில் கூறினார்கள். மக்கள் அதை ஏற்றார்கள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்களோ தாம் முன்பு கொடுத்துவந்த முழு ஸாஉவையே கொடுத்துவந்தார்கள். பேரீச்சை, உலர்திராட்சை, வாற்கோதுமை ஆகியவற்றுக்கு ஹனஃபி மத்ஹபிலும் முழு ஸாஉதான், அதாவது 3 கிலோ 266 கிராம். அரிசியைப் பற்றி ஹதீஸில் நேரடியாக இல்லாததால் அதைக் கிரயத்தைக் கொண்டே கணக்கிடவேண்டும் என்பது ஹனஃபி கிதாபுகளின் முடிவு. கோதுமையின் எண்ணைப் பலகையில் பார்த்துவிட்டு, அதே எடைக்கு அரிசியை நிறுத்துக் கொடுத்துக் கடமை தீர்ந்தது என்று திரும்புவோர் நம்மிடையே பலர். சட்ட நுணுக்கத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வசதியுள்ள குடும்பங்கள் கிராமைத் தேடுவதை விட்டுவிட்டு இரண்டரைக் கிலோவாகவோ மூன்று கிலோவாகவோ கொடுத்தால் எந்த மத்ஹபிலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

எங்கள் பகுதியில் ஃபித்ரா அரிசி பெறும் மூதாட்டி ஒருவர் உண்டு. கணவரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. சென்ற பெருநாளுக்கு முந்தைய இரவு, பிள்ளைகள் பையைக் கொண்டுபோய்க் கொடுத்து, இதில் இத்தனை கிலோ இருக்கிறது என்று சொன்னபோது, அவர் என்னைப் பார்த்தார். "கிலோ எல்லாம் எனக்குத் தெரியாது, அஜ்ரத்து. எத்தனை உழக்குன்னு சொல்லுங்க" என்றார். சொல்லும்வரை காத்திருக்கவுமில்லை. மாடத்திலிருந்த உழக்கை எடுத்து, முறத்தில் அரிசியைக் கொட்டி, தலை தட்டி அளக்கத் தொடங்கினார். ஒரு நாளைக்கு ஓர் உழக்கு அவர் கணக்கு. காலைக் கஞ்சிக்கும் இரவுச் சோற்றுக்கும் சேர்த்து. ஒருவருக்குரிய ஃபித்ரா 1 கிலோ 633 கிராம் அரிசியாக வந்தால் அவருடைய உழக்கில் ஆறு தேறாது. ஆறாம் நாள் சற்றுக் குறையும். இரண்டரைக் கிலோவாக வந்தால் ஒன்பது உழக்கை ஒட்டி வரும். அன்று வந்த பை இரண்டாவது வகை. எட்டு அளந்து முடித்து, ஒன்பதாவது உழக்கு விளிம்பைத் தொடாமல் நின்றதும், அதைத் தனியாக ஒரு சிறு டப்பாவில் கொட்டி மூடி வைத்தார்.